பூட்டிய கோவில் வாசலில் ஒரு புதன்கிழமை

1

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இலங்கையில், குருநகரில், என் தகப்பன் ஐயாவோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனேன். இப்போது பிரான்சில் ஒரு சந்தையில் மீன் வெட்டுகிறேன். வந்து பத்தொன்பது வருடம்.

போன கிழமை ஊரிலிருந்து சவிரி போன் எடுத்தான். ஒரு காலத்தில் என்னோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்கு வந்தவன்.

"என்ன மச்சான், இங்கிலாந்திலை வெளிநாட்டுச் சனத்தைத் தேடித் தேடி அடிக்கிறாங்களாம். நீயும் அங்கை போய் மாட்டுப்பட்டனியாமே?"

"போனனான். ஒண்டும் நடக்கேல்லை."

"ஒண்டும் நடக்காததுக்கோ உன்ரை தங்கச்சி என்ரை மனுசியோடை ஒரு மணித்தியாலம் போனிலை அழுதவள்?"

போனில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். சவிரி மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டட்டும்.

2

தங்கை றெஜினா இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறாள். புருசன் அன்ரன், எங்களுக்குப் பக்கத்து ஊரான பாசையூர் ஆள். அங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலை. ஒரே பிள்ளை மெலனி, பதினான்கு வயது. மெலனிக்கு உறுதிபூசுதல் வந்தது, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்த பிறகு ஆயர் எண்ணெய் பூசும் சடங்கு. ஞானத்தகப்பனாக நான் நிற்க வேண்டும் என்று தங்கை கேட்டாள்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஞானத்தாய்தானே வழக்கம்" என்றேன்.

"எனக்கு உங்களை விட்டால் ஆர் அண்ணை இருக்கினம்?" என்றாள். வாறன் என்றேன்.

என்னிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போட்டும் பிரான்ஸ் வதிவிட அட்டையும். இங்கிலாந்துக்குப் போக விசா வேண்டும். படிவம் பதினேழு பக்கம். மூத்த மகள் லியா வாசித்து நிரப்பினாள். கடந்த பத்து வருடத்தில் போன நாடுகள் என்று ஒரு கேள்வி. எட்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

"எங்கை அப்பா போனனீங்கள்?"

"எங்கையும் போகேல்லை."

எட்டு வரியையும் வெறுமையாக விட்டாள். விசா வர மூன்று மாதம் எடுத்தது.

அது வந்த கிழமைதான் அங்கே குழப்பம் தொடங்கியது. அகதிகள் தங்கியிருந்த ஒரு விடுதிக்குக் கல் எறிந்தார்கள். ஒரு பள்ளிவாசல் வாசலில் வாகனத்தை எரித்தார்கள். அடி வாங்குகிறவனுடைய நிறம் எங்கள் நிறமாக இருந்தது. பிரான்சிலும் காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது. சந்தைக்குப் போகும் வழியில் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசுகளை நான் வாசிப்பதில்லை. வாசிக்காமலே விளங்குகிறது.

என் மனுசி கேட்டாள். "போகத்தான் வேணுமோ?"

"பிள்ளை பாத்துக்கொண்டு நிப்பாள்" என்றேன்.

பஸ்ஸில் போனேன். எல்லையில் ஒரு அதிகாரி என் பாஸ்போட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகும் பாஸ்போட்டைப் பார்த்தான். ஏன் வருகிறாய் என்று கேட்டான். ஆங்கிலத்தில் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் பிரெஞ்சு வந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. முத்திரை குத்தினான்.

3

ஞாயிற்றுக்கிழமை நன்றாக நடந்தது. ஆயர் வந்தார். கோவில் நிறையச் சனம். சர்ச் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஊரில் சொல்வது போலவே கோவில் என்று எழுதுகிறேன். மெலனியின் தோளில் கை வைத்து நின்றேன். என் கையில் மீன் மணம் இருக்குமோ என்று யோசனை. மூன்று தரம் தேசிக்காய் போட்டுக் கழுவியிருந்தேன்.

பூசை முடிய பொலின் என்ற ஒரு வெள்ளைக்கார மனுசி வந்து மெலனிக்கு வாழ்த்து மட்டை கொடுத்தாள். எண்பது வயதிருக்கும். கோவிலுக்குப் பூ வைக்கிறவள், வீடும் கோவிலுக்கு எதிரேதான் என்று தங்கை சொன்னாள்.

மெலனிக்கு நாங்கள் கதைப்பது விளங்கும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். என்னோடு மட்டும் கொஞ்சம் தமிழில் முயற்சி செய்வாள். "மாமா, நீங்க ஏன் எப்பவும் கதவைப் பார்க்கிற கதிரையிலை இருக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். அதுவரை எனக்கே அது தெரியாது. மற்றக் கதிரையில் மாறி இருந்து பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

4

புதன்கிழமை காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். மெலனியின் போனுக்கு ஒரு பட்டியல் வந்தது. எந்த எந்த இடத்தில் கூட வேண்டும் என்று குழப்பக்காரர் போட்ட பட்டியல். நேரம் பின்னேரம் ஏழு மணி. தங்கையின் தெரு முனையில் வெளிநாட்டுச் சனத்துக்கு விசாக் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஒரு அலுவலகம் உண்டு. அதுவும் பட்டியலில் இருந்தது. பக்கத்தில் நெருப்புப் படம் போட்டிருந்தார்கள்.

அன்ரன் சிரித்தார். "உது பொடியள் விடுற கதை. மச்சான் கிபிருக்கே பயப்பிடாத ஆள். கல்லெறியிற பொடியளுக்கோ பயப்பிடப் போறார்?"

"கிபிருக்கும் பயந்தனான்" என்றேன். யுத்த காலத்தில் ஊரில் குண்டு போட்ட விமானம் அது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

மத்தியானம் தெருவில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. கடைக்காரர் யன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். தங்கை சமைத்தாள். சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். அப்படியே தின்றோம்.

ஐந்து மணிக்கு அன்ரன் போன் எடுத்தார். முதலாளி கடையைப் பூட்டச் சொல்லிவிட்டாராம். பலகை அடிக்கிற ஆள் இன்னும் வரவில்லையாம்.

"நீங்கள் வீட்டுக்கை பூட்டிக்கொண்டு இருங்கோ. ஆரும் தட்டினால் திறக்கக் கூடாது. நான் வாறன்."

அதற்குப் பிறகு அவரைப் போனில் பிடிக்க முடியவில்லை. தங்கை எடுத்தாள். மெலனி எடுத்தாள். மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை. கடை இருப்பதும் கூட்டம் வருகிற அதே றோட்டில்தான்.

ஆறு மணிக்குப் பிறகு சத்தம் வரத் தொடங்கியது. முதலில் விசில். பிறகு பாட்டு, பந்து விளையாட்டில் பாடுவது போல. பிறகு ஒரு வெடி. வாண வெடிதான், ஷெல் இல்லை என்று எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை. எழும்பி நின்றுவிட்டேன்.

தங்கையும் நின்றாள். என்னைப் பார்த்தாள். அவள் படிக்குக் கீழே இருந்த சின்ன அலுமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்தாள். பாஸ்போட், வதிவிடக் கடிதம், மெலனியின் பிறப்புப் பத்திரம், ஞானஸ்நானச் சீட்டு, ஒரு ரோச் விளக்கு, ஒரு போத்தல் தண்ணீர், பிஸ்கட். எல்லாம் பொலித்தீனில் சுற்றியிருந்தது. ஊரில் அம்மாவும் அப்படி ஒரு பையைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தா. தங்கை இங்கிலாந்து வந்து பதினைந்து வருடம். அவளும் பை வைத்திருப்பது எனக்குத் தெரியாது. என் வீட்டில் குளிர் உடுப்புகளுக்குக் கீழே என்னுடைய பை இருப்பது அவளுக்குத் தெரியாது.

"அம்மா, என்ன பை அது?" மெலனி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"சப்பாத்தைப் போடு. கோவிலுக்குப் போறம்."

"அப்பா வீட்டிலை இருக்கச் சொன்னவர்."

"கெதியாப் போடு பிள்ளை."

மெலனி என்னைப் பார்த்தாள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

5

வீட்டுக்குப் பின்னால் போகும் சின்ன ஒழுங்கையால் போனோம். ஏழு நிமிட நடை. நல்ல வெயில், அந்த நாட்டில் கோடையில் பின்னேரம் அப்படி. வெயிலில் பயந்து ஓடுவதில் ஒரு வெட்கம் இருக்கிறது. ஒரு மனிதன் நாயோடு வந்தான். எங்களையும் பையையும் பார்த்து விலகி நடந்தான்.

கோவில் கதவு பூட்டியிருந்தது.

தங்கை பிடியைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு இரண்டு கையாலும் குலுக்கினாள். "ஞாயிற்றுக்கிழமை திறந்துதானே இருந்தது" என்று என்னிடம் கேட்டாள், நான் பூட்டியது போல.

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. நானும் அவளும் சின்ன வயதில் எத்தனை தரம் கோவிலுக்கு ஓடியிருப்போம். கடல் பக்கமிருந்து ஷெல் தொடங்கினால் அம்மா பையை எடுப்பா, ஐயா தங்கையைத் தூக்குவார். எந்த நேரம் போனாலும் உள்ளே சனம் இருக்கும். ஒருவன் தள்ளி இருந்து இடம் தருவான். கதவு பூட்டியிருக்கிறதை ஒருநாளும் நான் காணவில்லை. பூட்டு இருந்ததா என்றே தெரியாது.

"வீட்டை போவம்" என்றாள் மெலனி. அழுகிற குரல்.

போக முடியவில்லை. அலுவலகப் பக்கமிருந்து சத்தம் தங்கையின் தெருவுக்குள் வந்துவிட்டது. படியில் இருந்தோம். மூன்று பேர், ஒரு பை.

இரண்டு இளந்தாரிகள் தோளில் கொடி போர்த்துக்கொண்டு எதிரே போனார்கள். ஒருவன் நின்றான். எங்களைப் பார்த்து ஏதோ சொன்னான். மற்றவன் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"என்னவாம்?" என்று மெலனியிடம் கேட்டேன்.

"ஒண்டுமில்லை மாமா." அந்த இரண்டு சொல்லை அவள் நல்ல தமிழில் சொன்னாள்.

நான் எழும்பி அவர்கள் இருவருக்கும் முன்னால் நின்றேன். அதைவிட வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. இடுப்பில் கத்தி இல்லாதது நல்லது என்றும் நினைத்தேன். சந்தையில் எப்போதும் இடுப்பில் கத்தி இருக்கும்.

6

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பொலின் வீட்டுச் செருப்போடு றோட்டைக் கடந்து வந்தாள். தங்கையோடு கதைத்தாள். மெலனி அரைகுறைத் தமிழில் எனக்குச் சொன்னாள், நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன்.

"வீட்டை போங்கோ, கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கோ எண்டு சொல்றா. கோவில் பூசைக்கு மட்டும்தான் திறக்கிறதாம். ஃபாதர் நாலு கோவிலுக்கு ஒரு ஆளாம். அவரைக் கேட்காமல் திறந்து ஏதும் நடந்தால் காப்புறுதிக் காசு தர மாட்டாங்களாம்."

பொலின் பாதிரியாருக்குப் போன் எடுத்தாள். பதில் இல்லை. இன்னொருவருக்கு எடுத்தாள். அவர் யாரையோ கேட்டுச் சொல்வதாகச் சொன்னாராம். மனுசி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. பெரிய கண்ணாடி. அது விழுந்து முடிய நேரம் எடுத்தது.

பொலின் சட்டைப் பைக்குள்ளிருந்து கோவில் கதவின் திறப்பை எடுத்தாள். முதலே அது அங்கேதான் இருந்திருக்கிறது. பக்கக் கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டாள். தானும் வந்து உள்ளிருந்து பூட்டினாள்.

உள்ளே குளிராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூ வாடியிருந்தது. பொலின் விளக்குப் போடவில்லை. நாங்கள் மாதா சொரூபத்துப் பக்கம் நீள மர வாங்கில் இருந்தோம். தங்கை செபமாலையை எடுத்தாள். அவள் தமிழில் முன்பாதி சொன்னாள், நான் பின்பாதி. மூன்றாவது செபத்தில் பொலின் ஆங்கிலத்தில் பின்பாதி சொன்னாள். எங்கே நிற்கிறது, எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மெலனி எங்களோடு தொடங்கி, சொல் வராமல், அந்த மனுசியோடு சேர்ந்துகொண்டாள். வேறு நாளென்றால் தங்கைக்குக் கவலை வந்திருக்கும்.

செபம் முடிய பொலின் என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். மெலனி சொன்னாள். "ஏன் இங்கை வந்தனீங்கள் எண்டு கேட்கிறா."

"எங்கடை ஊரிலை பயம் வந்தால் கோவிலுக்குத்தான் போறது எண்டு சொல்லு."

அவள் யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அங்கே கோவில் பாதுகாப்பாக இருந்ததா?

"இல்லை" என்றேன். கோவிலுக்கும் ஷெல் விழுந்திருக்கிறது. உள்ளே இருந்த சனம் செத்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்கள். மெலனி இதையெல்லாம் முதல்தரம் கேட்டாள். சொல்லச் சொல்ல அவளுடைய ஆங்கிலம் மெதுவாகியது.

பிறகு ஏன் போனீர்கள் என்றாள் பொலின்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழிலும் தெரியவில்லை.

தங்கை அதைக் கேட்கவே இல்லை. போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெலனி தகப்பனுக்குப் பதினொரு செய்தி அனுப்பியிருந்தாள், கோவிலில் இருக்கிறோம் என்று. ஒன்றும் பார்க்கப்படவில்லை.

"அண்ணை, அவர் அங்கை விழுந்து கிடந்தால் எங்களுக்கு ஆர் சொல்லுவினம்?"

"அப்பிடிக் கதையாதை."

"ஆர் சொல்லுவினம்?"

நான் போய்ப் பார்க்கலாம் என்று எழும்பினேன். அவள் என் சேட்டைப் பிடித்தாள். விடவில்லை. ஐயாவையும் அப்படித்தான் பிடிப்பாள்.

7

பெரிய கதவில் யாரோ அடித்தான். தட்டவில்லை, அடித்தான். மூன்று தரம். பிறகு பிடியைக் குலுக்கினான்.

மெலனி வாங்குக்குக் கீழே போய்விட்டாள். பொலின் வாடிய பூவோடு பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனாள். தண்ணீர் அவளுடைய சட்டையில் ஊற்றுப்பட்டது. நானும் போனேன்.

அடி நின்றது. சுவர் ஓரமாகக் கால் சத்தம் நடந்தது. யன்னலுக்குக் கீழே நின்றது. பிறகு ஒரு குரல்.

"றெஜி! மெலனி! உள்ளுக்கை நிக்கிறியளோ?"

தங்கை எழும்பவில்லை. "ஓம்" என்று மட்டும் சொன்னாள், அதுவும் சத்தமில்லாமல். நான்தான் பக்கக் கதவடிக்கு ஓடினேன்.

அன்ரன் ஒரு காலில் சப்பாத்து இல்லாமல் நின்றார். பலகை அடித்துக்கொண்டிருக்கும்போது கூட்டம் வந்துவிட்டதாம். பின்கதவால் ஓடினாராம். போன் கடையில் மின்னேற்றியில் கிடந்ததாம். கையில் கண்ணாடி வெட்டு, ஆழமில்லை. பொலின் பூச்சாடியை வைத்துவிட்டுத் துணி தேடப் போனாள்.

வந்ததும் பேச்சுத்தான். "வீட்டுக்கை இருங்கோ எண்டு சொன்னனான் எல்லே? வீட்டை போனால் பூட்டுக் கிடக்குது. செத்துப் போனன்."

"பிறகேன் இங்கை வந்தனீங்கள்?" என்றாள் தங்கை.

"வீட்டிலை ஆளில்லை. வேறை எங்கை தேடுறது?"

மெலனி போனைத் தூக்கிக் காட்டினாள். "அப்பா, நான் அனுப்பினதைப் பார்க்கேல்லையே? பிறகு எப்பிடித் தெரியும்?" அன்ரனுக்கு அவள் கேட்பது விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது. ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் பிறகு எங்கள் சனம் ஆட்களைத் தேடியது கோவில் கோவிலாகத்தான். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளே ஒருவர் "ஓம்" என்றால் அவ்வளவுதான், வேறு ஒன்றும் வேண்டாம். ஒருமுறை ஐயா இரண்டு நாள் எங்களைத் தேடி அப்படித்தான் கண்டுபிடித்தார். பாசையூரிலும் அப்படித்தான் இருந்திருக்கும். அன்ரனும் நாங்களும் இதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

பொலினுடைய கேள்விக்கு இப்போது பதில் இருந்தது. மெலனியிடம் சொல்லச் சொன்னேன். மெலனி சொன்னாள். பொலின் அன்ரனுடைய கையைத் துணியால் சுற்றிக்கொண்டே கேட்டாள். முடிச்சை இரண்டு தரம் போட்டாள்.

ஒன்பது மணிக்குப் பொலிஸ் வாகனங்கள் போன பிறகு அவள் எங்களை வீடுவரை கூட்டிக்கொண்டு வந்தாள். அதே வீட்டுச் செருப்போடு.

8

அடுத்த நாள் காலை அந்த ஊர்ச் சனம் விளக்குமாறுகளோடு வந்து தெருவைக் கூட்டியது. வெள்ளைக்காரர்தான். அன்ரனுடைய கடை வாசலையும் கூட்டினார்கள். ஒரு மனிதன் கேக் கொண்டுவந்து கொடுத்தான். அன்ரன் நன்றி சொல்லி வாங்கினார். அவன் போன பிறகு என்னிடம் கேட்டார். "மச்சான், உவன் நேற்று அந்தக் கூட்டத்துக்கை நிண்டிருப்பானோ?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. இனி வாற ஒவ்வொரு முகத்தையும் பாத்துப் பாத்துத்தான் சாமான் குடுக்கப் போறன்."

கேக்கை மேசையில் வைத்தோம். பின்னேரம் மெலனி வந்து ஒரு துண்டு வெட்டித் தின்றாள். பிறகு நாங்களும் தின்றோம்.

9

பிரான்சுக்கு வந்து மனுசிக்கு முழுவதும் சொன்னேன். நான் இவ்வளவு நேரம் கதைத்து அவள் கண்டதில்லை. முடிய ஒன்றுதான் கேட்டாள்.

"இங்கை எந்தக் கோவில்?"

தமிழ்ப் பூசைக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம் போகிறோம். பயம் வந்தால் ரயில் ஓடாது. வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கோவில் திறந்திருக்கும் என்று பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியாது.

"போனிலை இடம் காட்டலாம் அப்பா, ஆர் எங்கை நிக்கிறம் எண்டு எல்லாம் தெரியும்" என்றாள் லியா.

"உன்ரை மாமாவின்ரை போன் அண்டைக்கு எங்கை கிடந்தது?" என்றாள் மனுசி.

ஞாயிற்றுக்கிழமை சின்னவளையும் கூட்டிக்கொண்டு நான்கு பேரும் நடந்து போனோம். முதல் கோவிலில் சனிக்கிழமை மட்டும் திறப்போம் என்று எழுதியிருந்தது. இரண்டாவது இப்போது வாசிகசாலை. மூன்றாவது, இருபது நிமிட நடையில், சந்தைக்குப் பின்னால். கதவைத் தள்ளினேன், திறந்தது. உள்ளே ஒரு கறுப்பின மனுசி தனியாக இருந்தாள். காலடியில் ஒரு பை வைத்திருந்தாள். எங்களைக் கண்டதும் தள்ளி இருந்து இடம் தந்தாள். வாங்கு முழுவதும் வெறுமையாகத்தான் கிடந்தது. ஆனாலும் தள்ளி இருந்தாள்.

நாங்கள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தோம்.